பழைய கம்ப்யூட்டருக்குப் புது டிவிடி டிரைவ்: கோளாறைப் பார்த்துச் சரியான கேபிளைக் கண்டுபிடிப்பது

பழைய கம்ப்யூட்டரில் சிடி டிரைவைக் கழற்றிவிட்டு டிவிடி ரைட்டரைப் பொருத்துகிறவர்கள், அது வேலை செய்யாவிட்டால் முதலில் சந்தேகப்படுவது புதிதாக வந்த டிரைவைத்தான். அதை மாற்றி வேறொன்று வாங்கி வந்தாலும் பல நேரம் அதே கதைதான். முந்தைய டிரைவோடு வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்த கேபிளையே புதியதிலும் மாட்டியிருப்பார்கள். அல்லது கேபிள் சரியானதாக இருந்தும், அதன் எந்தக் கனெக்டர் எங்கே போக வேண்டும் என்பதில் பிசகியிருக்கும்.

டிரைவின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்துக் கேபிளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு முனையில் மதர்போர்டு, மறுமுனையில் டிரைவ், பல சமயம் நடுவில் இன்னொரு டிரைவ். இந்த எல்லாவற்றுக்கும் ஒத்துப்போவதுதான் சரியான கேபிள். எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதைக் கோளாறின் தன்மையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் இதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கையில் இருப்பது எந்த வகை?

கம்ப்யூட்டரை அணைத்து, மின் ஒயரைப் பிடுங்கி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிறகு டிரைவின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டு வரிசையாக, வரிசைக்கு இருபது வீதம் 40 பின்கள், பக்கத்திலேயே நான்கு தடித்த பின்கள் கொண்ட மோலெக்ஸ் பவர் சாக்கெட் இருந்தால் அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறை டிரைவ். கைவிரல் அகலத்துக்கும் குறைவான, எல் வடிவத் தடுப்பு உள்ள சின்ன வாயும், அதன் பக்கத்தில் அதே போன்ற சற்று நீளமான வாயும் இருந்தால் அது பின்னால் வந்த சாட்டா முறை. சின்னதில் 7 தொடர்புகள், அது டேட்டாவுக்கு. நீளமானதில் 15 தொடர்புகள், அது பவருக்கு. சாட்டா 2003 முதல் கம்ப்யூட்டர்களில் வரத் தொடங்கியது. சில வருடங்கள் இரண்டு வகையும் ஒரே மதர்போர்டில் சேர்ந்தே இருந்தன, அதனால் கம்ப்யூட்டரின் வயதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, திறந்து பார்க்க வேண்டும்.

மதர்போர்டு பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஐடிஇ போர்ட்டுக்குப் பக்கத்திலேயே அதைவிடக் கொஞ்சம் குட்டையாக ஒன்று இருக்கும். அது 34 பின் கொண்ட ஃபிளாப்பி போர்ட். ஃபிளாப்பி கேபிளில் ஒரு முனைக்கு அருகே சில கம்பிகள் மட்டும் முறுக்கி விடப்பட்டிருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஐடிஇ ரிப்பன் கேபிளிலும் இரண்டு ரகம். இரண்டிலுமே கனெக்டரில் 40 துளைகள்தான், வித்தியாசம் ரிப்பனில் இருக்கிறது. பழைய ரகத்தில் 40 கம்பிகள், வரிகள் பட்டையாகத் தெரியும். புதிய ரகத்தில் 80 கம்பிகள், வரிகள் பட்டுத்துணி நெசவுபோல மெலிதாக இருக்கும். கூடுதலாக உள்ள 40 கம்பிகளும் எர்த் கம்பிகள். ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவே ஒன்றாக ஓடி, ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கலக்காமல் தடுக்கின்றன. 80 கம்பிக் கேபிளில் கனெக்டர்களுக்கு நிறம் உண்டு: நீலம் மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் இருந்தால் முதலாவதுக்கு மாஸ்டர், இரண்டாவதுக்கு ஸ்லேவ் என்று பெயர்.

எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால், ஐடிஇ என்றால் தயங்காமல் 80 கம்பிக் கேபிள்தான். அது பழைய 40 கம்பி காலத்து டிரைவுகளோடும் மதர்போர்டுகளோடும் ஒழுங்காக வேலை செய்யும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அது அடுத்த பகுதியில்.

கேபிள் ஏறவே மாட்டேன் என்கிறது

தள்ளிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஐடிஇ பின்கள் மெல்லியவை, ஒன்று சாய்ந்தால் நிமிர்த்தும்போது முறிந்துபோகும்.

கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை எண்ணுங்கள். பெரும்பாலான கேபிள்களில் 20ஆம் துளை அடைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஏற்ற மாதிரி டிரைவிலும் போர்ட்டிலும் 20ஆம் பின் இருக்காது. தலைகீழாக மாட்டுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் 1990களின் சில மதர்போர்டுகளில் 40 பின்களும் முழுதாக நிற்கும். அடைத்த துளை அந்த 20ஆம் பின்னில் மோதுவதால்தான் கேபிள் இறங்குவதில்லை. இப்படிப்பட்ட போர்டுக்குத் துளை அடைக்கப்படாத கேபிள் வேண்டும், அது பெரும்பாலும் பழைய 40 கம்பி ரகமாகத்தான் கிடைக்கும். அந்தக் காலத்து மதர்போர்டு 40 கம்பியைத் தாண்டிய வேகத்தைத் தரப்போவதில்லை என்பதால் இதில் இழப்பு ஒன்றும் இல்லை. பின்னை வெட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னும் பழைய கம்ப்யூட்டர்களில் சிடி டிரைவ் கேபிள் சவுண்ட் கார்டுக்குப் போயிருக்கும். அந்தக் கார்டில் உள்ள 40 பின் போர்ட் ஐடிஇ மாதிரியே தோன்றினாலும், பானசோனிக் அல்லது மிட்சுமி டிரைவுக்கென்றே செய்த தனி ரகமாக இருக்கலாம். கார்டில் நிறுவனப் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் புதிய டிரைவை அதில் மாட்டாமல் மதர்போர்டின் ஐடிஇ போர்ட்டுக்கே கொண்டு போங்கள்.

டிரைவின் விளக்கு அணையவே இல்லை, கம்ப்யூட்டரும் நகரவில்லை

ஆன் செய்த நொடியிலிருந்து டிரைவின் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, டிரே பொத்தானுக்கு அசைவில்லை, திரையில் டிரைவைத் தேடும் வரியிலேயே எல்லாம் நின்றுவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரிப்பன் கேபிள் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

ஐடிஇயில் 1ஆம் பின் ரீசெட் சிக்னலுக்கு உரியது, 40ஆம் பின் எர்த். கேபிளைத் திருப்பினால் 1ஆம் பின் இருந்த இடத்துக்கு 40 வந்துவிடும். ரீசெட் கம்பி எர்த்தோடு சேர்ந்துவிடுவதால், டிரைவ் ரீசெட் நிலையிலிருந்து வெளியே வரவே முடியாது. பயப்பட வேண்டாம், இந்த 40 பின் கேபிளில் டிரைவை ஓட்டும் மின்சாரம் போவதில்லை என்பதால் பெரும்பாலும் எதுவும் கெடுவதில்லை. அணைத்துவிட்டு, ரிப்பனின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு டிரைவின் பவர் சாக்கெட் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். மதர்போர்டில் போர்ட்டின் ஒரு மூலையில் 1 என்றோ சிறு முக்கோணமோ அச்சாகியிருக்கும், சிவப்புக் கோடு அந்தப் பக்கம் வர வேண்டும்.

விளக்கே எரியவில்லை, டிரேயும் திறக்கவில்லை என்றால் அது டேட்டா கேபிள் விஷயம் அல்ல. மோலெக்ஸ் கனெக்டரில் உள்ள உலோகக் குழல் ஒன்று பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் எர்த். மஞ்சளோ சிவப்போ பின்னால் போயிருந்தால் டிரைவ் செத்த மாதிரிதான் இருக்கும். எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து வரும் வேறொரு மோலெக்ஸை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டிவிடி டிரைவை மாட்டியதும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து காணாமல் போகிறது

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான், தீர்வும் இதில்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஐடிஇ கேபிளில் இரண்டு டிரைவுகள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மாஸ்டராகவும் மற்றது ஸ்லேவாகவும் இருந்தே தீர வேண்டும். இரண்டும் தன்னை மாஸ்டர் என்றே சொன்னால், கம்ப்யூட்டரைத் தொடக்கும் பயாஸ் நிரல் கேட்கும் கேள்விக்கு இரண்டும் ஒரே நேரத்தில் பதில் தரும். விளைவு: இரண்டும் தெரியாது, அல்லது ஒன்றின் பெயர் சிதைந்து விநோத எழுத்துகளாகத் தெரியும், அல்லது பயாஸ் அரை நிமிடம்வரை காத்திருந்துவிட்டு மேலே போகும். பெயர் சிதைந்து தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள், இரண்டு டிரைவும் ஒரே நிலையில் வைக்கப்பட்டு மோதுகின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம்.

டிரைவின் பின்புறம் எம்ஏ, எஸ்எல், சிஎஸ் என்று மூன்று ஜோடிப் பின்கள் இருக்கும். சிறிய பிளாஸ்டிக் ஜம்பர் எதன் மேல் இருக்கிறதோ அதுவே டிரைவின் நிலை. சிஎஸ் என்றால் கேபிள் செலக்ட்: மாஸ்டரா ஸ்லேவா என்பதைக் கேபிளே முடிவு செய்யட்டும் என்று பொருள். கேபிள் அதை 28ஆம் கம்பியால் முடிவு செய்கிறது. 80 கம்பிக் கேபிளின் சாம்பல் நிறக் கனெக்டரில் இந்த 28ஆம் தொடர்பு விட்டுவிடப்பட்டிருக்கும். அதனால் அங்கே மாட்டும் டிரைவ் தன்னை ஸ்லேவ் என்று எடுத்துக்கொள்ளும், கறுப்பில் மாட்டியது மாஸ்டர் ஆகும்.

ஆனால் சாதாரண 40 கம்பிக் கேபிளில் 28ஆம் கம்பி எல்லாக் கனெக்டருக்கும் நேராகப் போகிறது. கேபிள் செலக்ட் ஆதரிக்கிற மதர்போர்டில் இந்தக் கேபிளைப் போட்டு இரண்டு டிரைவையும் சிஎஸ்ஸில் வைத்தால், இரண்டும் மாஸ்டர் ஆகிவிடும். கடையிலிருந்து வரும் டிரைவில் ஜம்பர் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அது சிஎஸ்ஸில் இருந்து, ஏற்கெனவே இருந்த ஹார்ட் டிஸ்க்கும் சிஎஸ்ஸிலோ மாஸ்டரிலோ இருந்தால், நேற்றுவரை நன்றாக ஓடிய ஹார்ட் டிஸ்க் இன்று காணாமல் போவதற்கு இதுவே போதும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பதறி ஃபார்மட் பக்கம் போய்விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

செய்ய வேண்டியது: 40 கம்பிக் கேபிள் என்றால் சிஎஸ்ஸையே மறந்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எம்ஏவிலும் டிவிடி டிரைவை எஸ்எல்லிலும் கையால் வையுங்கள். 80 கம்பி என்றால் இரண்டையும் சிஎஸ்ஸில் வைத்து நிறத்தைப் பின்பற்றலாம், அல்லது இரண்டையும் கையால் வைத்து நிறத்துக்கு ஒத்த இடத்தில் மாட்டலாம். ஒன்றைச் சிஎஸ்ஸிலும் மற்றதைக் கையாலும் வைக்கும் கலப்பு வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ ஹார்ட் டிஸ்க்குகளில் கூடுதலாக ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேபிளில் தனியாக இருக்கும்போது ஒரு ஜம்பர் நிலை, ஸ்லேவோடு சேர்ந்த மாஸ்டராக இருக்கும்போது வேறு நிலை. டிவிடி டிரைவை அதே கேபிளில் சேர்க்கும்போதோ பிரிக்கும்போதோ டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்து ஜம்பரை மாற்றியாக வேண்டும்.

மதர்போர்டில் இரண்டு ஐடிஇ போர்ட் இருந்தால் இந்தத் தலைவலியே வேண்டாம். ஹார்ட் டிஸ்க் முதல் போர்ட்டில், டிவிடி டிரைவ் இரண்டாவதில், இரண்டும் மாஸ்டர். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ் மட்டுமே பேச முடியும் என்பதால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிவிடிக்கு எழுதும்போதும் இந்த ஏற்பாடே நல்லது. தனியாக இருக்கும் டிரைவைக் கேபிளின் கடைசிக் கனெக்டரில்தான் மாட்ட வேண்டும். நடுவில் மாட்டினால் மீதிக் கேபிள் சும்மா தொங்கும், அதன் நுனியில் சிக்னல் மோதித் திரும்பி வரும்.

80 கம்பிக் கேபிள் இல்லை என்று தொடக்கத் திரை சொல்கிறது

இது கோளாறல்ல, மதர்போர்டு தரும் நல்ல தகவல். 80 கம்பிக் கேபிளின் நீலக் கனெக்டருக்குள் 34ஆம் தொடர்பு எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். மதர்போர்டு அதைத் தொட்டுப் பார்த்துத்தான் கேபிளின் ரகத்தைத் தெரிந்துகொள்கிறது. எர்த் கிடைக்காவிட்டால் வேகத்தை யூடிஎம்ஏ 33 என்ற வேக நிலைக்கு மேல் விடாது, அதாவது நொடிக்கு 33 எம்பி. 66, 100, 133 எல்லாவற்றுக்கும் 80 கம்பி கட்டாயம். லினக்ஸ் தன் கர்னல் பதிவிலும் இதே விஷயத்தை, 40 கம்பிக் கேபிள் காரணமாக வேகம் குறைக்கப்பட்டது என்று எழுதிவைக்கும்.

கேபிள் 80 கம்பிதான், ஆனாலும் எச்சரிக்கை வருகிறதா? நீலக் கனெக்டர் டிரைவ் பக்கம் போயிருக்கும். கேபிளைத் தலை மாற்றி மாட்டினால் டிரைவ் ஓடும், ஆனால் மதர்போர்டு தேடும் எர்த் தவறான முனையில் இருக்கும். கேபினெட்டில் நீலம் டிரைவுக்கு எட்டுகிறது, கறுப்பு மதர்போர்டுக்கு எட்டுகிறது என்பதற்காகப் பலர் இப்படி மாட்டிவிடுகிறார்கள்.

டிவிடி டிரைவுக்கு இந்த எச்சரிக்கை எவ்வளவு முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடியின் 1 மடங்கு வேகம் நொடிக்கு 150 கேபி, 52 மடங்கு என்றாலும் 7.8 எம்பி. டிவிடியின் 1 மடங்கு சுமார் 1.385 எம்பி, 16 மடங்கு என்றால் 22 எம்பி சொச்சம். 33 எம்பி பாதையில் தாராளமாகப் போய்விடும். அதனால் டிவிடி டிரைவ் தனிக் கேபிளில் இருந்தால் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஓட்டலாம். அதே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால்தான் இழப்பு: 100 எம்பிக்குத் தகுதியான டிஸ்க்கும் 33க்குக் கட்டுப்பட்டுவிடும். புது டிவிடி டிரைவ் போட்ட பிறகு கம்ப்யூட்டரே மந்தமாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பழைய சிடி டிரைவின் 40 கம்பிக் கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் ஏறி உட்கார்ந்திருக்கும்.

படம் திக்கித் திக்கி ஓடுகிறது, டிஸ்க் எழுத நெடுநேரம் ஆகிறது

டிவிடிப் படம் ஓட நொடிக்கு ஒன்றரை எம்பிகூடத் தேவைப்படாது. அப்படியும் திக்கினால் பாதை குறுகியதால் அல்ல, டிரைவ் பிஐஓ முறைக்கு இறங்கியிருப்பதால். டிஎம்ஏ முறையில் டேட்டா நேராக மெமரிக்குப் போகும். பிஐஓவில் ஒவ்வொரு துண்டையும் பிராசசரே எடுத்து வைக்க வேண்டும். பழைய பிராசசர் அந்த வேலையிலேயே மூச்சு முட்டி நிற்கும்போது, படத்தைப் பிரித்துக் காட்ட அதற்குத் தெம்பு இருக்காது. பிஐஓவின் உச்ச வேகமே நொடிக்கு 16.6 எம்பி என்பதால், 16 மடங்கில் டிவிடி எழுதவும் அது போதாது.

விண்டோஸ் எக்ஸ்பியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, செகண்டரி ஐடிஇ சேனலின் (அதாவது இரண்டாவது ஐடிஇ போர்ட்டின்) அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தில் கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட் என்ன என்று பாருங்கள். அங்கே பிஐஓ என்று இருந்தால், மேலே டிஎம்ஏ இஃப் அவெய்லபிள் என்று தேர்ந்தெடுத்திருந்தும் பிஐஓவிலேயே நின்றால், காரணத்தைக் கேபிளில் தேடுங்கள். எக்ஸ்பி ஒரு சேனலில் பிழைகளை எண்ணிக்கொண்டே வரும். அவை சேர்ந்து ஆறைத் தொட்டதும் ஒரு படி வேகத்தைக் குறைக்கும், இப்படியே இறங்கி இறங்கி பிஐஓவில் வந்து நிற்கும். பிறகு தானாக மேலே ஏறாது. கீறல் விழுந்த டிஸ்க்குகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தாலும் இது நடக்கலாம். ஆனால் நல்ல டிஸ்க்குகளோடு நடந்தால் கேபிள்தான்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கேபிளை மாற்றுங்கள். அதன் பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். கேபிளை மாற்றாமல் இதைச் செய்தால் சில நாளில் மறுபடி பிஐஓவுக்கே வந்து நிற்கும். விண்டோஸ் 98 என்றால் விஷயம் எளிது, டிரைவின் செட்டிங்ஸ் பக்கத்தில் டிஎம்ஏ கட்டத்தில் டிக் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய கேபிளில் எதைப் பார்ப்பது? கனெக்டருக்கு ஒட்டிய இடத்தைப் பாருங்கள். கேபிளைப் பிடித்து இழுத்துக் கழற்றிய பழக்கம் இருந்தால், கனெக்டரின் பின்மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். உள்ளே கத்திபோன்ற பற்கள்தான் கம்பி உறையைக் குத்திப் பிடித்திருக்கின்றன. மூடி தளர்ந்தால் ஓரக் கம்பிகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். கூர்மையாக மடித்து ரப்பர் பேண்ட் போட்ட இடத்தையும் பாருங்கள். நீளத்தையும் அளந்துவிடுங்கள்: ஐடிஇ கேபிள் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 46 சென்டிமீட்டர். உயரமான கேபினெட்டுக்கு என்று விற்கும் நீளக் கேபிள்கள் சில நேரம் ஓடும், சில நேரம் காலை வாரும்.

காப்பி முடிந்தது, ஆனால் ஃபைல் திறக்கவில்லை

இதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். யூடிஎம்ஏ முறையில் அனுப்பும் ஒவ்வொரு தொகுதிக்கும் சிஆர்சி என்ற பிழை சரிபார்ப்பு உண்டு. கேபிளில் ஏதாவது சிதைந்தால் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். அதனால் கெட்ட கேபிள் அங்கே வேகத்தை மட்டும்தான் குறைக்கும். ஆனால் பிஐஓவிலும் பழைய டிஎம்ஏ முறைகளிலும் கேபிளுக்கென்று இந்தச் சரிபார்ப்பு கிடையாது. சிதைந்த டேட்டா சத்தமில்லாமல் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். குடும்பப் படங்களைப் பழைய சிடிகளிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுகிற வேலையை இந்த நிலையில் செய்யவே கூடாது.

சோதிக்க ஒரு பெரிய ஃபைலை ஒரே டிஸ்க்கிலிருந்து இரண்டு முறை வெவ்வேறு ஃபோல்டரில் காப்பி செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கேபிளை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அதே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால், அது தன் உடல்நிலையைப் பதிவு செய்யும் ஸ்மார்ட் தகவலில் 199ஆம் வரியையும் பாருங்கள். அது சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை. பழைய எண் குறையாது. ஆனால் கேபிளை மாற்றிய பிறகும் கூடிக்கொண்டே போகிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி.

புது டிரைவ் சாட்டா, மதர்போர்டில் சாட்டா இல்லை

இங்கே கேபிள் மட்டும் போதாது, நடுவில் ஒரு கன்வர்டர் வேண்டும். ஐடிஇ–சாட்டா கன்வர்டர் வாங்கும்போது திசையைக் கேட்டு வாங்குங்கள். சாட்டா டிரைவை ஐடிஇ போர்ட்டில் மாட்டுவது ஒரு ரகம், ஐடிஇ டிரைவைச் சாட்டா போர்ட்டில் மாட்டுவது இன்னொரு ரகம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிலதில் சிறிய சுவிட்ச் வைத்து இரண்டு பக்கமும் ஓடும்படி செய்திருப்பார்கள். மாட்டியும் டிரைவ் தெரியவே இல்லை என்றால் முதல் சந்தேகம் இந்தத் திசைமேல்தான். ஐடிஇ டிரைவைச் சாட்டாவுக்கு மாற்றும்போது அதன் ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும்.

மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் சாட்டா கார்டு போடுவது இன்னொரு வழி. விண்டோஸுக்குள் டிரைவ் நன்றாக ஓடும். ஆனால் பல கார்டுகளில் டிவிடியிலிருந்து பூட் ஆகாது. ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவதற்காகத்தான் டிரைவை மாற்றுகிறீர்கள் என்றால் கன்வர்டரே மேல்.

எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் இல்லாவிட்டால் மோலெக்ஸிலிருந்து மாற்றும் ஒயர் தேவைப்படும். சாட்டா கனெக்டர் முழுவதும் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த ரகத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகிக் கருகிப்போவது உண்டு. கம்பிகளைத் தனித்தனியாகப் பொருத்தி, பின்னால் மூடி போட்ட ரகம் பாதுகாப்பானது.

சாட்டா கேபிளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறத்துக்கு அர்த்தம் கிடையாது, 1 மீட்டருக்குள் இருந்தால் சரி. முதல் தலைமுறைச் சாட்டாவே நொடிக்கு 150 எம்பி தரும் என்பதால், டிவிடி டிரைவுக்கு 6 ஜிபி என்று அச்சிட்ட கேபிளுக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. டிரைவ் திடீரென்று மறைந்து மறைந்து வந்தால் கனெக்டர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். உலோகக் கொக்கி உள்ள கேபிளாக மாற்றுங்கள்.

விண்டோஸ் சிடியிலிருந்து தொடங்குகிறது, பாதியில் சிடி டிரைவையே காணோம் என்கிறது

இதற்குக் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்டெல் தன் ஐசிஎச்8 சிப்பிலிருந்து, அதாவது 2006இல், ஐடிஇயைக் கைவிட்டது. அந்தத் தலைமுறை மதர்போர்டுகளில் ஒரே ஒரு ஐடிஇ போர்ட் இருக்கும். அதை ஜேமைக்ரான் போன்ற தனிச் சிப் நடத்தும். பயாஸ் அதைப் புரிந்துகொண்டு சிடியிலிருந்து தொடங்கிவிடும். ஆனால் எக்ஸ்பியின் செட்டப் நிரலுக்கு அந்தச் சிப்பின் டிரைவர் தெரியாது. பயாஸில் அந்தச் சிப்பை ஐடிஇ முறையில் வைத்துப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், இப்படிப்பட்ட போர்டில் இன்டெல்லின் சாட்டா போர்ட்டுகள் கட்டாயம் இருக்கும் என்பதால், சாட்டா டிவிடி டிரைவ் போட்டு அதில் மாட்டுவதே நேர்வழி. ஐடிஇ கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

டேட்டா டிஸ்க் ஓடுகிறது, பாட்டு சிடியில் மட்டும் சத்தம் இல்லை

பழைய டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்கு நான்கு கம்பி கொண்ட மெல்லிய ஒயர் ஒன்று போயிருக்கும். மாற்றும்போது அதைக் கழற்றியது பலருக்கு நினைவிருக்காது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டங்களில் பாட்டு சிடியின் சத்தம் அந்த ஒயர் வழியாகத்தான் போகும். எக்ஸ்பி முதல் ரிப்பன் கேபிள் வழியாகவே டிஜிட்டலாக எடுத்துக்கொள்ளலாம். டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிடி ஆடியோ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் போதும். டாஸ் காலத்து விளையாட்டுகளின் இசைக்காகப் பழைய கம்ப்யூட்டரைப் பராமரிக்கிறவர்கள் மட்டும், பின்புறம் அந்த நான்கு பின் ஆடியோ சாக்கெட் உள்ள ஐடிஇ டிரைவாகத் தேடி வாங்குங்கள். சாட்டா டிரைவுகளில் அது கிடையாது.

லேப்டாப்பாக இருந்தால்

டெஸ்க்டாப் கேபிள் எதுவும் இங்கே பொருந்தாது. லேப்டாப் ஐடிஇ ஹார்ட் டிஸ்க்குக்கு 44 பின், ஐடிஇ டிவிடி டிரைவுக்கு 50 பின், சாட்டா டிவிடி டிரைவுக்குப் பவர் பகுதி 6 தொடர்பாகக் குறுகிய ஸ்லிம்லைன் கனெக்டர். 44 பின்னில் 41, 42 இரண்டும் 5 வோல்ட் சுமக்கின்றன. டெஸ்க்டாப் கேபிளைத் திருப்பி மாட்டினால் ஒன்றும் ஆகாது என்று மேலே சொன்னது இங்கே செல்லாது, ஒரு பின் தள்ளி மாட்டினாலும் டிஸ்க் எரிந்துபோகலாம். லேப்டாப் டிரைவை யூஎஸ்பி பெட்டியில் போட்டு வெளியே பயன்படுத்தினால், டிஸ்க் எழுதும்போது மட்டும் துண்டித்துக்கொள்வது உண்டு. யூஎஸ்பி 2 போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியர் எழுதும் நேரத்துக்குப் போதாததுதான் காரணம். இரண்டு போர்ட்டில் மாட்டும் ஒய் கேபிள் அதைத் தீர்க்கும்.

சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை

பயாஸில் டிரைவின் பெயர் எழுத்துப் பிசகாமல் தெரிகிறது, டிஎம்ஏ முறையும் சரியாக இருக்கிறது, சிடியும் படிக்கிறது. அப்படியானால் கேபிளை விட்டுவிடலாம். கேபிள் வழியாகப் போவது எந்த டிஸ்க்கின் டேட்டா என்பது கேபிளுக்குத் தெரியாது, ஒன்றை விட்டு மற்றொன்றை அது தடுக்க முடியாது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர். இரண்டில் ஒன்று களைத்துப்போனால் இப்படித்தான் நடக்கும். லென்ஸைச் சுத்தம் செய்து பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால், டிரைவை மாற்றித் தரும்படி கேட்க வேண்டியது இந்த இடத்தில்தான்.